தூங்குகிற டி.வி.க்கு ஒரு வாட் போதும்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

ஒரு வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. ராத்திரி ஆபீஸிலிருந்து வந்ததும் காலையில் வைத்த சாம்பாரை மூன்று நிமிஷம் சுடவைக்கிறார்கள். அதோடு சரி. மிச்ச நேரமெல்லாம் அது நெற்றியில் பச்சை எழுத்தில் மணி காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. ஒரு நாளில் எதற்குக் கரண்ட் அதிகம் செலவாகும்? சாம்பாருக்கா, கடிகாரத்துக்கா?

'இதென்ன கேள்வி, சாம்பாருக்குத்தான்' என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அடுப்பு ஓடும்போது 1,200 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 3 நிமிஷத்துக்கு 60 வாட்-மணி. சும்மா நிற்கும்போது 3 வாட். பழைய மாடல்களில் இது சகஜம். 'மூன்று வாட் எல்லாம் ஒரு கணக்கா?' என்று தோன்றும். ஆனால் நாள் பூராவும் நிற்கிறதே! மூன்றை இருபத்துநாலால் பெருக்கினால் 72 வாட்-மணி. ஆக, சாம்பாரைவிடக் கடிகாரம்தான் அதிகம் சாப்பிடுகிறது. இத்தனைக்கும் பாதி வீடுகளில் அந்தக் கடிகாரம் சரியான மணி காட்டுவதுகூட இல்லை!

ஒரு சாதனம் தன் வேலையையும் செய்யாமல், முழுசாக அணையாமலும், அரைத் தூக்கத்தில் இழுக்கிற கரண்டுக்கு 'ஸ்டாண்ட்பை' கரண்ட் என்று பெயர். ரிமோட்டில் அணைத்த டி.வி.யில் எரிகிற சிவப்புப் பொட்டு, போனைக் கழற்றிய பிறகும் பிளக்கில் தொங்குகிற சார்ஜர், யாரும் பார்க்காதபோதும் கதகதப்பாக இருக்கும் செட்டாப் பாக்ஸ்... எல்லாம் இந்த ஜாதிதான். அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'வாம்பயர் பவர்'. நம்மூரில் சொன்னால் ரத்தக் காட்டேரி மின்சாரம். எல்லோரும் தூங்கும்போது சத்தமில்லாமல் உறிஞ்சுவதால் பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

இந்தக் காட்டேரியை உலக நாடுகள் சேர்ந்து எப்படிக் கட்டிப்போட்டன என்பதுதான் விஷயம். மந்திரவாதி வரவில்லை. பெரிய சர்வதேச ஒப்பந்தமும் போடவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு எண்ணை ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

* * *

பத்து வீட்டு ரகசியம்

'அணைத்த பிறகும் கரண்ட் கசிகிறது' என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டு சாண்ட்பெர்க். வீட்டு எலெக்ட்ரானிக் சாதனங்களின் மின்கசிவு பற்றி 1993-லேயே கட்டுரை வாசித்தார். குழாய் சொட்டுகிற மாதிரி கரண்ட் சொட்டுகிறது என்றால் அப்போது யார் காதில் ஏறும்?

அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் துரத்தியவர் ஆலன் மையர். கலிஃபோர்னியாவில் பெர்க்லி குன்றின் மேல் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்துக்காரர். அவரும் ராஸ் என்பவரும் கலிஃபோர்னியாவில் பத்து வீடுகளை எடுத்துக்கொண்டு, சாதனங்கள் எல்லாம் சும்மா இருக்கும்போது வீடு எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள். 2000-ல் முடிவை வெளியிட்டார்கள்.

சராசரியாக ஒரு வீட்டுக்கு 67 வாட்! மிகக் குறைந்த வீட்டில் 14 வாட். மிக அதிகமான வீட்டில் 169 வாட். 67 வாட் என்றால், யாருமே இல்லாத அறையில் ஒரு பழைய குண்டு பல்பு வருஷம் முழுக்க அணையாமல் எரிகிற மாதிரி. வருஷத்துக்கு 587 யூனிட். அந்த வீடுகளின் மொத்தக் கரண்ட் செலவில் 5 முதல் 26 சதவீதம் வரை இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

'ஸ்விட்சை அணைத்துத் தொலைக்க வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் அமெரிக்க வீடுகளின் பிளக் பாயின்ட்டில் பொதுவாக ஸ்விட்சே கிடையாது! சுவரில் இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக முழிக்கும், அவ்வளவுதான். அணைக்க வேண்டுமானால் குனிந்து, சோபாவை நகர்த்தி, பிளக்கைப் பிடுங்க வேண்டும். நம் வீட்டில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பக்கத்திலேயே ஸ்விட்ச் உண்டு. அந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். (அதை அணைக்கிறோமா என்பது வேறு விஷயம்.)

* * *

ஒரு டீக்கு முழு கேன்டீன்

பி.காம். படித்தவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இது விஞ்ஞானத்தைவிட அக்கவுன்டன்ஸிக்குத்தான் நெருக்கமான சமாசாரம். ஃபிக்சட் காஸ்ட் என்று படித்திருப்பீர்களே, அதுதான். உற்பத்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாடகையும் வாட்ச்மேன் சம்பளமும் போய்க்கொண்டே இருக்குமில்லையா?

ரிமோட்டில் அணைத்த டி.வி. உண்மையில் தூங்கவில்லை. நீங்கள் எப்போது பட்டனை அமுக்குவீர்களோ என்று ஒரு சின்னக் காதைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. அந்தக் காதுக்கு வேண்டிய கரண்ட் ரொம்பச் சொற்பம். ஒரு வாட்டில் சில நூறில் ஒரு பங்கு போதும். ஆனால் சுவரில் வருவது 230 வோல்ட். காதுக்கு வேண்டியது சுமார் 5 வோல்ட். நடுவில் ஒரு புரோக்கர் வேண்டும். அந்த புரோக்கர் கமிஷன்தான் பிரச்னை!

பழைய சாதனங்களில் இந்த வேலையைச் செய்தது இரும்புத் துண்டில் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். பழைய டேப்ரிக்கார்டர் அடாப்டர் ஞாபகமிருக்கிறதா? கையில் எடுத்தால் அரைச் செங்கல் கனம். தொட்டால் வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்புதான் கமிஷன். மறுமுனையில் யாரும் கரண்ட் எடுக்காவிட்டாலும் இரும்பு தன்பாட்டுக்குச் சூடாகிக்கொண்டு சில வாட்டை விழுங்கும். மானேஜர் ராத்திரி ஒரு டீ கேட்டாலும் கேட்பார் என்று முழு கேன்டீனையும் விடிய விடியத் திறந்து வைத்த மாதிரி.

இதற்கு மாற்று இருந்தது. கரண்டை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அளந்து கொடுக்கிற எலெக்ட்ரானிக் பவர் சப்ளை. தேவை இல்லாதபோது இது வெட்டுவதையே நிறுத்திக்கொண்டு எப்போதாவது ஒரு துளி விடும். 1990களின் கடைசியில், இந்த வேலையைச் சிக்கனமாகச் செய்கிற பொடி சிப்புகள் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன. விலையும் பெரிதாக இல்லை.

பிறகு ஏன் யாரும் மாற்றவில்லை?

* * *

'என் பில்லா? உன் பில்லா?'

டி.வி. கம்பெனி முதலாளியைக் கேளுங்கள். 'சார், புது சிப் போட்டால் பெட்டிக்குக் கொஞ்சம் செலவு கூடும். மிச்சமாகிற கரண்ட் என் பில்லிலா வரப்போகிறது? வாங்குகிறவர் பில்லில்! நான் எதுக்கு சார் அழணும்?'

சரி, வாங்குகிறவரைக் கேளுங்கள். 'ஸ்கிரீன் எத்தனை இன்ச்? தவணை உண்டா? ஃப்ரீயா என்ன தர்றாங்க?' மூன்று கேள்விதான். 'அணைச்சு வெச்சா எத்தனை வாட்?' என்று கடையில் கேட்டவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அரசாங்கத்தைக் கேளுங்கள். 'ஒரு டி.வி.க்கு ஐந்தாறு வாட். இதுக்கெல்லாமா சட்டம் போடுவாங்க?'

அவரவர் பார்வையில் அவரவர் சொல்வது நியாயம்தான். ஆனால் எல்லாச் சில்லறையையும் ஒரே உண்டியலில் போட்டுப் பாருங்கள். வளர்ந்த நாடுகளில் வீடுகள் செலவழித்த கரண்டில் 5 முதல் 10 சதவீதம் ஸ்டாண்ட்பைக்கே போனது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் ஒரு சதவீதத்துக்கு இந்த அரைத்தூக்கக் கரண்டே காரணம் என்று கணக்கிட்டார்கள். யாரும் பார்க்காத டி.வி.க்காக அங்கே ஒருவன் நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான்!

ஒரு நாடு மட்டும் முழித்துக்கொண்டாலும் பிரயோஜனம் குறைவு. டி.வி.யை ஜப்பானில் டிசைன் செய்து, சிப்பை அமெரிக்காவில் வடிவமைத்து, சீனாவிலோ மலேசியாவிலோ பூட்டி, ஜெர்மனியில் விற்கிறார்கள். ஜெர்மனி 3 வாட், ஆஸ்திரேலியா 2 வாட், அமெரிக்கா 4 வாட் என்று ஆளுக்கு ஒரு சட்டம் போட்டால் ஃபேக்டரிக்காரன் தலையைப் பிய்த்துக்கொள்வான். எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னால்? ஒரே ஒரு தடவை டிசைனை மாற்றினால் போதும். உலகம் பூராவும் விற்கலாம்.

அந்த ஒரே எண்ணை 1998-ல் ஆலன் மையர் சொன்னார்: ஒன்று.

எந்தச் சாதனமாக இருந்தாலும் சரி, அரைத்தூக்கத்தில் ஒரு வாட்டுக்கு மேல் கூடாது. டி.வி.க்கு ஒன்று, டேப்புக்கு இரண்டு என்ற பேரமெல்லாம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். என்ஜினீயர்களால் செய்யவும் முடியும். ஏழெட்டு வாட் இழுத்துக்கொண்டிருந்த சாதனங்களுக்கு அது பெரிய பட்டினிதான். ஆனால் செத்துப்போகிற பட்டினி இல்லை.

மறு வருஷமே, 1999-ல், இந்த யோசனையை பாரிஸில் இருக்கும் சர்வதேச எரிசக்தி முகமை கையில் எடுத்துக்கொண்டது. 1970களில் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது, எண்ணெய் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1974-ல் பணக்கார நாடுகள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு அது. எண்ணெய்க் கப்பல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், டி.வி. சிவப்புப் பொட்டின் கணக்கையும் பார்க்க உட்கார்ந்தார்கள். 2010-க்குள் புதிதாக விற்கும் சாதனங்கள் எல்லாம் ஒரு வாட்டுக்குள் வரவேண்டும் என்பது இலக்கு.

* * *

கியோட்டோ கசந்தது, வாட் இனித்தது

இப்போது வெள்ளை மாளிகைக்குப் போவோம். 2001. ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ். டெக்சாஸ்காரர், முன்னாள் எண்ணெய்த் தொழில் அதிபர். பூமி சூடாவதைத் தடுக்க 1997-ல் ஜப்பானில் உருவான கியோட்டோ ஒப்பந்தத்தை 'எங்களுக்கு வேண்டாம்' என்று 2001 மார்ச்சில் உதறித் தள்ளியவர். உலகமே திட்டித் தீர்த்தது.

அதே புஷ், அதே வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 13221-ம் எண் உத்தரவு. அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் சாதனம் வாங்கும்போது, ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்காத மாடலாகப் பார்த்து வாங்கவேண்டும். அப்படி மாடல் இல்லாவிட்டால், இருப்பதிலேயே குறைவாக இழுப்பதை வாங்கவேண்டும்.

எப்படி இந்த மனமாற்றம்? மனமே மாறவில்லை சார்! அதுதான் விஷயம். அந்தச் சமயம் கலிஃபோர்னியாவில் கரண்ட் தட்டுப்பாடு. பேட்டை பேட்டையாக முறைவைத்து பவர் கட். (நமக்குப் பழகின கதை.) ஒரு வாட் திட்டம் யாரையும் காரை விற்கச் சொல்லவில்லை, ஏ.சி.யை நிறுத்தச் சொல்லவில்லை. டி.வி. அதே டி.வி., ரிமோட் அதே ரிமோட். உள்ளே ஒரு சிப் மட்டும் வேறு. இதை எந்தக் கட்சிக்காரர் எதிர்ப்பார்?

அரசாங்கம் வாங்குவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க அரசு ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டரும் பிரின்டரும் சப்ளை செய்வது கல்யாணத்துக்கு மொத்தச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பது போல. இதே தந்திரத்தை 1993-ல் கிளிண்டன் செய்து காட்டியிருந்தார். 'எனர்ஜி ஸ்டார்' முத்திரை உள்ள கம்ப்யூட்டரைத்தான் அரசு வாங்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். சும்மா இருந்தால் தானாகத் தூங்கப் போகும் கம்ப்யூட்டர்கள் அதன் பிறகுதான் வேகமாகப் பரவின. அரசாங்கத்துக்கு ஒரு மாடல், பொதுஜனத்துக்கு ஒரு மாடல் என்று எந்தக் கம்பெனி தயாரிக்கும்? நல்லதையே எல்லோருக்கும் விற்றுவிடும்.

* * *

'ஆஃப்' என்றால் என்ன?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத நிபுணர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

ரிமோட்டில் அணைத்தால் 'ஆஃப்'பா? டி.வி.யிலேயே இருக்கிற பட்டனை அமுக்கினால்? வாஷிங் மெஷின் துவைத்து முடித்து 'கீ...கீ' என்று கூப்பிட்டுவிட்டு நிற்கிறதே, அது என்ன நிலைமை? பிரின்டர் அரைமணிக்கு ஒரு தடவை தானாக முனகுகிறதே, அது?

அளப்பதும் அத்தனை சுலபம் இல்லை. ஒரு வாட்டுக்குள் வந்துவிட்டால் கரண்ட் ஒழுங்காக ஓடாமல், திடீர் திடீரென்று குட்டிக் குட்டியாகத் துள்ளும். சாதாரண மீட்டருக்கு அது சரியாகப் பிடிபடாது. சில சாதனங்கள் கொஞ்ச நேரம் தூங்கி, கொஞ்ச நேரம் விழித்து, மறுபடி தூங்கும். எந்த நிமிஷத்தில் அளக்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒரு லேப் 0.8 என்று சொல்ல, இன்னொரு லேப் 1.3 என்று சொன்னால் சண்டைதான்.

அதனால் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2005-ல் ஒரு தரநிர்ணயம் வெளியிட்டது. எண் 62301. எப்படி வைத்து, எவ்வளவு நேரம், எந்தக் கருவியால் அளப்பது என்று சொல்கிற புத்தகம். படித்தால் தூக்கம் வரும். ஆனால் இந்தக் கதையின் உண்மையான ஹீரோ அதுதான் என்பேன். சியோலில் அளந்தாலும் பெர்லினில் அளந்தாலும் சிட்னியில் அளந்தாலும் ஒரு வாட் என்றால் அதே ஒரு வாட். தராசு பொதுவாக இருந்தால்தானே வியாபாரம் நடக்கும்?

2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் க்ளெனீகிள்ஸ் ஊரில் கூடிய ஜி-8 தலைவர்களும் இந்த ஒரு வாட் திட்டத்துக்கு ஆதரவு சொன்னார்கள்.

* * *

ஆளுக்கு ஒரு ஸ்டைல்

எண் ஒன்றுதான். அதை அமல்படுத்திய விதத்தில் ஒவ்வொரு நாடும் தன் குணத்தைக் காட்டியது.

ஆஸ்திரேலியா எல்லோருக்கும் முன்பு, 2000-லேயே, 'எங்கள் இலக்கு ஒரு வாட்' என்று அறிவித்துவிட்டது.

ஜப்பானில் சட்டம் தேவைப்படவில்லை. தயாரிப்பாளர் சங்கங்கள் கூடி 'நாங்களே குறைத்துக்கொள்கிறோம்' என்று வாக்குக் கொடுத்தன. கொடுத்தபடி செய்யவும் செய்தன.

தென்கொரியாவின் பாணி தனி. 'ஸ்டாண்ட்பை கொரியா 2010' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். வரம்பைத் தாண்டுகிற சாதனத்தை விற்கலாம், ஆனால் மேலே எச்சரிக்கை லேபிள் ஒட்டவேண்டும். சிகரெட் பாக்கெட்டில் இருக்குமே, அந்த மாதிரி! 2008-ல் டி.வி.யிலிருந்து ஆரம்பித்தார்கள். ஷோரூமில் பளபளவென்று நிற்கிற புது டி.வி.யின் நெற்றியில் 'இது கரண்டைத் தின்னும்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் எந்தக் கம்பெனிக்குப் பொறுக்கும்? மானம் போவதற்குள் சிப்பை மாற்றிவிட்டார்கள்.

ஐரோப்பா சட்டமே போட்டது. 27 நாடுகளுக்கும் சேர்த்து 2008 டிசம்பரில் ஒரே விதி. 2010 ஜனவரியிலிருந்து ஒரு வாட். மணி மாதிரி ஏதாவது காட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வாட். 2013 ஜனவரியிலிருந்து அதிலும் பாதி: அரை வாட், ஒரு வாட். அந்தச் சாதனங்களின் ஸ்டாண்ட்பைக்காக 2005-ல் மட்டும் ஐரோப்பா 4,700 கோடி யூனிட் செலவழித்தது என்பது அவர்கள் கணக்கு. இந்த விதியால் 2020 வாக்கில் வருஷத்துக்கு 3,500 கோடி யூனிட் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள்.

அமெரிக்கா சாதனம் சாதனமாகப் பிடித்தது. ஆரம்பத்தில் பார்த்தோமே மைக்ரோவேவ், 2016 ஜூனிலிருந்து அங்கே தயாராகி வரும் மேஜை மாடல்களுக்கு ஸ்டாண்ட்பை வரம்பு ஒரு வாட். ஆக, கடிகாரத்தைச் சாம்பார் ஜெயித்துவிட்டது!

சார்ஜர்களுக்கு இன்னும் அழகான ஏற்பாடு. அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, ஆஸ்திரேலியா, கனடா எல்லாம் ஒரே அடையாளத்தை ஏற்றுக்கொண்டன. உங்கள் லேப்டாப் சார்ஜரையோ போன் சார்ஜரையோ திருப்பிப் பாருங்கள். எறும்பு ஊர்கிற சைஸ் எழுத்துகளுக்கு நடுவே ரோமன் எண் ஒன்று இருக்கலாம். ஐந்து அல்லது ஆறு. பெரும்பாலான சின்ன சார்ஜர்களைப் பொறுத்தவரை, ஐந்து என்றால் சும்மா தொங்கும்போது 0.3 வாட்டுக்கு மேல் இழுக்காது. ஆறு என்றால் 0.1 வாட்டுக்கு மேல் இழுக்காது. இத்தனை நாளாக உங்கள் பைக்குள்ளேயே ஒரு சர்வதேச உடன்பாடு இருந்திருக்கிறது!

நம் நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. நட்சத்திர லேபிள் தருகிற பி.இ.இ. அமைப்பு 2002-ல் வந்தது. கலர் டி.வி.க்கு நட்சத்திரம் கணக்கிடும்போது ஸ்டாண்ட்பை கரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 2017-ல் இந்தியா அந்த பாரிஸ் முகமையில் இணை நாடாகவும் சேர்ந்தது.

* * *

காட்டேரி வேஷம் மாற்றுகிறது

'அப்ப பிரச்னை தீர்ந்தது, சுபம்' என்று போர்டு போடலாமா? கூடாது.

பழைய டி.வி. ரிமோட்டுக்கு மட்டும்தான் காது கொடுத்தது. இப்போதைய சாதனங்கள் இன்டர்நெட்டுக்கும் காது கொடுக்கின்றன. ஸ்மார்ட் டி.வி., பேசுகிற ஸ்பீக்கர், காமிரா, வை-ஃபை பல்பு, போனிலிருந்தே போடுகிற ஏ.சி. எல்லாம் 'யாராவது கூப்பிட்டால் உடனே வரணும்' என்று நிரந்தர ட்யூட்டியில் நிற்கின்றன.

2014-ல் சர்வதேச எரிசக்தி முகமை ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் உலகில் நெட்வொர்க்கில் மாட்டிய சாதனங்கள் 1,400 கோடி. நல்ல தொழில்நுட்பம் இருந்தும் பயன்படுத்தாததால் அவை வீணடித்த கரண்ட் சுமார் 40,000 கோடி யூனிட். பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து ஒரு வருஷம் முழுக்கச் செலவழிக்கிற அளவு! பண மதிப்பில் 8,000 கோடி டாலர்.

இதில் பெரிய தீனிக்காரர் செட்டாப் பாக்ஸ். 2011-ல் அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு சொன்ன கணக்கு இது: 2010-ல் அந்த நாட்டு செட்டாப் பாக்ஸ்கள் 2,700 கோடி யூனிட் சாப்பிட்டன. அதில் மூன்றில் இரண்டு பங்கு, யாரும் டி.வி. பார்க்காத நேரத்தில்! பல பெட்டிகள் ரிமோட்டில் அணைத்தால் முகத்து விளக்கை மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே வேலையைத் தொடர்கின்றன. பாஸ் தலை மறைந்ததும் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு கிளம்புகிற நம் நண்பர்கள் மாதிரி.

காரணம் மறுபடியும் அந்தப் பழைய அக்கவுன்டன்ஸிதான். பெட்டியைத் தேர்ந்தெடுப்பது கேபிள் கம்பெனி. கரண்ட் பில் கட்டுவது நீங்கள். இந்தத் தகவல் வெளியானதும் அங்கே பெரிய சத்தம். 2012 டிசம்பரில் அமெரிக்க டி.வி. கம்பெனிகள் 'இனிமேல் சிக்கனமான பெட்டி தருகிறோம்' என்று தாமாகவே உடன்பாடு போட்டன. ஐரோப்பா, நெட்வொர்க் சாதனங்களுக்கும் 2013-ல் தனி விதி கொண்டுவந்தது. 2019-லிருந்து நெட்வொர்க்கில் காத்திருக்கும் சாதாரண சாதனத்துக்கு 2 வாட் வரம்பு. ரவுட்டர் போன்ற பெட்டிகளுக்கு வேறு வரம்பு. அந்த விதிகளையெல்லாம் புதுப்பித்து 2023-ல் போட்ட சட்டம் 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. 2027-ல் 'ஆஃப்' நிலைக்கான வரம்பு 0.3 வாட்டாகக் குறைகிறது.

* * *

உங்கள் வீட்டு லெட்ஜர்

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரே ஒரு சூத்திரம் போதும். இடைவிடாமல் இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் வருஷத்துக்கு 8.76 யூனிட். ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புது மாடல் போன் சார்ஜர், 0.1 வாட்: வருஷம் முழுக்கத் தொங்கினாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. பிடுங்கினால் நல்லது. மறந்துவிட்டால் அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

அரை வாட் புது டி.வி.: வருஷத்துக்கு நாலரை யூனிட்டுக்கும் குறைவு. சிவப்புப் பொட்டைப் பார்த்து ரத்தக் கொதிப்பு ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

10 வாட் இழுக்கிற செட்டாப் பாக்ஸ்: வருஷத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாச பில்லில் சுமார் 15 யூனிட். ராத்திரி படுக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டியது இதற்குத்தான்!

பழைய இரும்பு அடாப்டர், பழைய மியூசிக் சிஸ்டம்: சும்மா இருக்கும்போது தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

கவனித்தீர்களா? டி.வி.க்கும் சார்ஜருக்கும் நாம் குனிந்து பிளக்கைப் பிடுங்க வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. நாம் திருந்தியதால் இல்லை. யாரோ சில பேர் பாரிஸிலும் ஜெனீவாவிலும் உட்கார்ந்து தூக்கம் வரவழைக்கிற காகிதங்களை எழுதியதால். கோடிக்கணக்கான பேரைத் தினமும் ராத்திரி ஸ்விட்சை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, சில நூறு ஃபேக்டரிகளில் ஒரு சிப்பை மாற்றவைப்பது சுலபம். அந்த வேலையை செட்டாப் பாக்ஸுக்கும் ரவுட்டருக்கும் முடிக்கிறவரை நம் வீட்டுச் சுவர் ஸ்விட்ச்தான் காவல்.

அடுத்த தடவை எலெக்ட்ரானிக் கடைக்குப் போனால், இன்ச், தவணை, ஃப்ரீ எல்லாம் கேட்டு முடித்த பிறகு நாலாவதாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இது தூங்கும்போது எத்தனை வாட்?"

சேல்ஸ்மேன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். ஆரம்பத்தில் ஆலன் மையரையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்!